இதயம் ஒரு துடிப்பைத் தவறவிடுகிறதா? எக்டோபிக் துடிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ புரண்ட மாதிரி, ஒரு கணம் எல்லாமே நின்ற மாதிரி, அப்புறம் ஓங்கி ஒரு அடி. இது என்ன?

பெரும்பாலும் எக்டோபிக் துடிப்புதான். இதயத்தின் வலது மேலறையில், உச்சியை ஒட்டி, சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்தூண்டல் எழுப்பி இதயம் முழுவதையும் நடத்துவது அதுதான். ஆனால் இதயத் தசையில் வேறு பல இடங்களுக்கும் தானாகவே தூண்டல் எழுப்பும் திறமை உண்டு. அப்படி வேறெங்கோ இருக்கிற ஒரு செல் கூட்டம், ஒருவர் பேசி முடிக்கும் முன்பே இன்னொருவர் குறுக்கே விழுவது போல, சைனஸ் கணுவின் முறை வருவதற்குள் முந்திக்கொண்டு ஒரு துடிப்பைக் கிளப்பிவிட்டால், அதைத்தான் எக்டோபிக் என்கிறார்கள்.

அப்படியானால் இதயம் நிஜமாகவே ஒரு துடிப்பைத் தவறவிடவில்லையா?

இல்லை. உண்மையில் ஒன்று சீக்கிரமாக வந்துவிட்டது, அதை நீங்கள் சரியாக உணரவில்லை, அவ்வளவுதான். முந்தி வந்த துடிப்பின்போது கீழறைகள் இன்னும் ரத்தத்தால் நிரம்பியிருக்காது, அதனால் அது தள்ளும் ரத்தம் குறைவு, மணிக்கட்டு நாடியில் அது எட்டாமலேகூடப் போகலாம். அடுத்து சைனஸ் கணு வழக்கப்படி தூண்டல் அனுப்பும்போது கீழறைத் தசை இன்னும் முந்தைய சுருக்கத்திலிருந்து மீளாமல் இருப்பதால் அந்தத் தூண்டல் வீணாகிறது, அதற்கடுத்த முறை வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் "நின்றுவிட்டது" என்று தோன்றும் இடைவெளி. இந்த நேரத்தில் கீழறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிவிடுகிறது, தசையும் கூடுதல் வேகத்தோடு சுருங்குகிறது, ஆகவே அடுத்து வருவது "தொம்" என்று விழுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பயமுறுத்துகிற அந்த ஓங்கிய அடிதான் முற்றிலும் இயல்பான துடிப்பு. கோளாறான துடிப்பு அதற்கு முன்பே சத்தமில்லாமல் வந்து போய்விட்டது.

எனக்குத் தொண்டையில்தான் தெரிகிறது, இருமல்கூட வருகிறது. இதுவும் அதுதானா?

இருக்கலாம். கீழறையிலிருந்து முந்தி வரும் துடிப்பில், மேலறை சுருங்கும் நேரத்தில் இடையிலுள்ள வால்வு ஏற்கனவே மூடியிருக்கும். கீழே போக வழியில்லாத ரத்தம் கழுத்துச் சிரைகள் பக்கம் எதிர்த்துத் தள்ளும், அது கழுத்தில் ஒரு துள்ளலாகத் தெரியும். சிலருக்கு ஒரு சின்ன இருமல், சிலருக்குத் தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு. பலருக்கு எதுவுமே தெரியாது. வேறெதற்கோ ஈசிஜி எடுக்கப் போன இடத்தில்தான் தெரியவரும்.

இது எத்தனை பேருக்கு வருகிறது?

ஒரு நாள் முழுக்கப் பதிவெடுத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட யாருக்கும் சுத்தமான பதிவு வருவதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ எல்லாருக்குமே மேலறை எக்டோபிக் ஒன்றாவது இருக்கும். கீழறை எக்டோபிக்கும் ஆரோக்கியமானவர்களில் சர்வசாதாரணம். இதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது, அதில் சில டஜன் முந்திக்கொள்வதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. வயது கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். கர்ப்ப காலத்திலும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் பலர் இதை முதன்முறையாக உணர்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் ஒரு இடத்தில் பிஏசி, ஒரு இடத்தில் விபிசி என்று இருக்கிறதே?

பிஏசி, ஏபிசி என்றெல்லாம் இருந்தால் மேலறையிலிருந்து வந்தது. பிவிசி, விபிசி, விஇ என்று எப்படி எழுதியிருந்தாலும் கீழறையிலிருந்து வந்தது. இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள சந்திப்பிலிருந்து வருவதும் உண்டு, ஆனால் அது குறைவு.

மேலறையிலிருந்து கிளம்புவது வழக்கமான மின்பாதை வழியாகவே கீழே இறங்குவதால் ஈசிஜியில் அதன் கீழறை அலை பெரும்பாலும் மற்றவற்றைப் போலவே குறுகலாக இருக்கும், நேரம் மட்டும் முந்தியிருக்கும். சைனஸ் கணுவையும் அது திருப்பி அமைத்துவிடுவதால் பின்னால் வரும் இடைவெளி அவ்வளவு நீளமாக இருக்காது. கீழறையிலிருந்து கிளம்புவதோ பாதையை விட்டுத் தசை வழியாக மெதுவாகப் பரவும், அலை 0.12 விநாடி அல்லது அதற்கு மேல் அகலமாக, கோணலாக, பார்த்தாலே தனித்துத் தெரியும். உணர்வை வைத்து மட்டும் மேலா கீழா என்று உங்களால் சொல்ல முடியாது. சொல்லவும் முயல வேண்டாம்.

பைஜெமினி, ட்ரைஜெமினி, கப்லெட். பயமாக இருக்கிறதே?

பெயர்தான் பெரிது. ஒரு இயல்பான துடிப்பு, ஒரு எக்டோபிக் என்று மாறி மாறி வந்தால் பைஜெமினி. இரண்டு இயல்பு, ஒரு எக்டோபிக் என்றால் ட்ரைஜெமினி. இவை ஒழுங்கை மட்டுமே சொல்கின்றன, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. இரண்டு எக்டோபிக் அடுத்தடுத்து வந்தால் கப்லெட். கீழறை எக்டோபிக் மூன்றோ அதற்கு மேலோ நிமிடத்துக்கு 100-க்கு மேற்பட்ட வேகத்தில் தொடர்ந்து வந்தால் அதற்கு வென்ட்ரிகுலர் டேக்கிகார்டியா, சுருக்கமாக விடி, என்று பெயர் மாறிவிடும். 30 விநாடிக்குள் தானே நின்றால் நீடிக்காத விடி. இந்தக் கடைசிச் சொல் ரிப்போர்ட்டில் இருந்தால் மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்று வைத்துவிடாமல் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அதுவும் எல்லாருக்கும் ஆபத்தானது என்றில்லை, ஆனால் இதயத்தின் அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ராத்திரி படுத்த பிறகுதான் அதிகம் வருகிறது. ஏன்?

இரண்டு காரணம். ஓய்வில் இதயம் மெதுவாகத் துடிப்பதால் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது, முந்திக்கொள்ள நினைக்கிற செல்லுக்கு அது வசதி. இன்னொன்று, பகல் முழுவதும் வந்துகொண்டிருப்பது வேலை, பேச்சு, சத்தத்தில் அடங்கிப்போகிறது. அமைதியான அறையில் இடது பக்கம் சாய்ந்து படுக்கும்போது இதயம் மார்புச் சுவருக்கு இன்னும் நெருக்கமாக வருவதால் ஒவ்வொன்றும் தெரிகிறது. வலது பக்கம் திரும்பிப் படுத்தால் பலருக்கு உணர்வு குறையலாம். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும், வாயு உப்பியிருக்கும்போதும், குனியும்போதும் கூடுவதாகப் பலரும் சொல்வார்கள்.

எதனால் தூண்டப்படுகிறது? காபியை விட்டுவிட வேண்டுமா?

தூக்கம் கெடுவதும் மன அழுத்தமும்தான் நடைமுறையில் பெரிய இரண்டு என்பது என் அபிப்பிராயம். மது, புகையிலை, காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, வாந்தி பேதியிலோ நீர் பிரியும் மாத்திரையிலோ பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைவது எல்லாம் வரிசையில் வரும். மூக்கடைப்புக்கு வாங்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால் போன்றவற்றையும் மறக்கக் கூடாது. இதற்காக இன்ஹேலரை நிறுத்தச் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்லுங்கள் என்கிறேன், மூச்சுதான் முதலில்.

காபி விஷயத்தில் 2023-இல் நல்ல ஆய்வு ஒன்று வந்தது. ஆரோக்கியமான 100 பேருக்கு ஈசிஜி பட்டை ஒட்டி, இரண்டு வாரம், இன்று குடி, இன்று குடிக்காதே என்று தினமும் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். மேலறை எக்டோபிக் குடித்த நாளில் 58, குடிக்காத நாளில் 53. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். கீழறை எக்டோபிக் மட்டும் குடிக்காத நாளில் 102, குடித்த நாளில் 154 என்று கூடியது. குடித்த நாளில் ஆயிரம் காலடி கூடுதலாக நடந்தார்கள், தூக்கம் மட்டும் 36 நிமிடம் குறைந்தது. ஆக, எல்லாருக்கும் பொதுவான தடை எதுவும் தேவையில்லை. உங்களுக்கு வருவது கீழறை வகை, தொந்தரவும் இருக்கிறது என்றால் ஒன்றிரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். குறைந்தால் சரி, குறையவில்லை என்றால் நிம்மதியாகக் குடியுங்கள்.

இது எக்டோபிக்தான், வேறு தாளக் கோளாறு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். எக்டோபிக்கின் முத்திரை, அடியில் ஓர் ஒழுங்கான தாளம் ஓடிக்கொண்டே இருப்பது; அதில் அங்கங்கே ஒன்று தடுக்கும், மறுபடி ஒழுங்கு திரும்பும். மற்றவற்றில் தாளமே மாறிவிடும்.

முதலில் சைனஸ் அரித்மியா. மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் நன்றாகத் தெரியும். பெயரில் அரித்மியா என்று இருந்தாலும் இது ஆரோக்கியத்தின் அடையாளம்தான், ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதற்றம், காய்ச்சல், ஓட்டம் இவற்றில் வருகிற படபடப்பு சைனஸ் டேக்கிகார்டியா. வேகம் படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும், தாளம் கெடாது.

எஸ்விடி (சூப்ராவென்ட்ரிகுலர் டேக்கிகார்டியா) என்பது வேறு. மேலறைப் பக்கம், அல்லது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணுவில், மின்தூண்டல் ஒரு வட்டத்துக்குள் சிக்கிச் சுற்றிச் சுற்றி ஓடுவது. சுவிட்ச் போட்ட மாதிரி ஒரே நொடியில் 150, 180, 200 என்று எகிறும், கடிகாரம் போல ஒழுங்காக அடிக்கும், நிமிடக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ ஓடிவிட்டுப் போட்ட மாதிரியே பட்டென்று நிற்கும். நின்ற பிறகு சிறுநீர் நிறையப் போவதாகச் சிலர் சொல்வார்கள், அதுவும் ஒரு துப்பு. பல நேரம் இந்த வட்டத்தைத் தொடங்கிவைப்பதே ஒற்றை எக்டோபிக்தான், ஆனால் எக்டோபிக் இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த வட்டப்பாதை இருக்காது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். மேலறைகள் நிமிடத்துக்கு 350-க்கு மேல் ஒழுங்கின்றி நடுங்கும், கீழறைக்குக் கிடைப்பது அதில் தற்செயலாகக் கசிந்து வருகிற தூண்டல்கள் மட்டும். ஆகவே நாடியில் எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல இருக்காது, திரும்பிப் போக ஓர் ஒழுங்கே கிடையாது. எக்டோபிக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஏஎஃப்பில் மேலறையின் ஒரு மூலையில் ரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குப் போகலாம், பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு. பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தேவைப்படும். சாதாரண எக்டோபிக்குக்கு அந்த மாத்திரை தேவையில்லை. ஆனால் அடிக்கடி வரும் எக்டோபிக் நாடியில் ஏஎஃப் மாதிரியே தோன்றும், ஏஎஃப்பும் எக்டோபிக் மாதிரி தோன்றும். விரலை நம்பி முடிவு கட்டாதீர்கள், ஈசிஜி மட்டுமே தீர்ப்பு சொல்லும்.

ஏட்ரியல் ஃப்ளட்டர் இதன் பங்காளி. மேலறை 300, கீழறைக்கு இரண்டுக்கு ஒன்று வீதம் 150 என்று ஒழுங்காக ஓடும். ஓய்வில் நாடி அசையாமல் 150-இல் நிற்கிறது என்றால் மருத்துவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது இது.

வென்ட்ரிகுலர் டேக்கிகார்டியா, மேலே சொன்ன விடி. கீழறையே தாளத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வேகமாக ஓடுவது. நின்றுவிடாமல் நீடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, தலை சுற்றி, மயங்கி விழலாம். அவசர சிகிச்சை தேவை. மாரடைப்பின் தழும்பு உள்ள இதயத்திலும், பலவீனமான இதயத்திலும் இதற்கான வாய்ப்பு அதிகம்.

கடைசியாக ஹார்ட் பிளாக். இங்கேதான் நிஜமாகவே துடிப்பு விடுபடுகிறது: மேலறை அனுப்பிய தூண்டல் கீழறைக்கு வந்து சேரவில்லை. ஈசிஜியில் வித்தியாசம் அழகாகத் தெரியும், எக்டோபிக்கில் இடைவெளிக்கு முன்னால் சீக்கிரம் வந்த துடிப்பு ஒன்று இருக்கும், பிளாக்கில் அது இருக்காது. இதிலும் ஒரு குழப்பம் உண்டு. மிகச் சீக்கிரமாக வரும் மேலறை எக்டோபிக் சில சமயம் கீழே இறங்காமலே போய்விடும், பார்ப்பதற்கு பிளாக் மாதிரியே இருக்கும். ஈசிஜியில் எதிர்பாராத இடைவெளி தெரிந்தால் முதலில் தேட வேண்டியது இதைத்தான் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நாடியை நானே பிடித்துப் பார்க்கலாமா?

பாருங்கள், ஒரு முழு நிமிடம் பாருங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது தாளம் கெட்ட நாடிக்கு உதவாது. ஒழுங்காக ஓடி அங்கங்கே விடுபடுகிறதா, ஒழுங்கே இல்லையா, வேகம் எவ்வளவு, எப்படித் தொடங்கி எப்படி நின்றது, இந்த நான்கையும் குறித்துவைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் நாளெல்லாம் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டே இருப்பது வேறு. கவனம் கூடினால் உணர்வும் கூடும், பதற்றத்தில் அட்ரினலின் ஏறும், அட்ரினலின் எக்டோபிக்கைக் கிளப்பும். அந்தச் சுழலுக்குள் போய்விட்டால் வெளியே வருவது சிரமம்.

ஈசிஜி எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். எனக்கு வருவது பொய்யா?

பொய் இல்லை. ஈசிஜி பதிவாவது சுமார் 10 விநாடிதான், அந்த 10 விநாடியில் வராவிட்டால் காகிதத்தில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த நார்மல் ஈசிஜிக்கு மதிப்பு உண்டு. க்யூடி நீளம் (ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழறை மின்சார ரீதியாக மீள அதிக நேரம் எடுப்பது), பழைய மாரடைப்பின் சுவடு, மின்பாதைக் கோளாறு போன்றவை இல்லை என்பதை அது ஓரளவுக்குச் சொல்லிவிடும். தினமும் வந்தால் 24 அல்லது 48 மணி நேர ஹோல்டர், அதாவது உடலில் மாட்டிக்கொண்டே ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் கருவி, போதும். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் ஒன்றிரண்டு வாரம் ஒட்டிவைக்கிற பட்டை மானிட்டர் வேண்டும். நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1940களின் பிற்பகுதியில் செய்த முதல் கருவியை முதுகில்தான் சுமக்க வேண்டியிருந்தது, எடை சுமார் 38 கிலோ. இப்போது சட்டைக்குள் போட்டுக்கொண்டு தூங்கலாம், அதனால் "அசௌகரியம்" என்று பாதியில் கழற்றிவிடாதீர்கள்.

கூடவே எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேன், எடுப்பார்கள். என்னைக் கேட்டால் எக்கோதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஏனென்றால் எக்டோபிக் எத்தனை என்பதைவிட அது எந்த இதயத்தில் வருகிறது என்பதுதான் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. தேவையைப் பொறுத்து தைராய்டு, பொட்டாசியம், ஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனைகள், டிரெட்மில். சந்தேகம் இருந்தால் இதய எம்ஆர்ஐ.

ஸ்மார்ட்வாட்சில் துடிப்பு 38 என்று காட்டியது, பயந்துவிட்டேன்.

பைஜெமினி ஓடினால் அப்படிக் காட்டும். வாட்சின் பச்சை விளக்கு மணிக்கட்டு ரத்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் எண்ணுகிறது. முந்தி வரும் துடிப்பில் ரத்தம் குறைவு என்பதால் அதை விட்டுவிடும், இதயம் 76 தடவை மின்சார ரீதியாகத் துடிக்கும்போது வாட்ச் பாதியைத்தான் காட்டும். விரல் நுனி ஆக்சிமீட்டரிலும் இதே கதை. ஈசிஜி வசதியுள்ள வாட்ச் என்றால் தொந்தரவு வரும் அந்த நேரத்தில் விரலை வைத்து 30 விநாடி பதிவு எடுங்கள். அது சொல்லும் முடிவை விட்டுவிடுங்கள், அந்த அல்காரிதம் முக்கியமாக ஏஎஃப்பைத் தேடத்தான் எழுதப்பட்டது, எக்டோபிக் அதிகமானால் "முடிவு சொல்ல இயலவில்லை" என்று கை விரிக்கும். பதிவைப் படமாகச் சேமித்து மருத்துவரிடம் காட்டுங்கள், அறிகுறி நடக்கும் நேரத்தில் கிடைத்த ஒரு பதிவு பத்து நிமிட வர்ணனையைவிட மேல்.

பிபி மெஷினில் ஒழுங்கற்ற துடிப்புக் குறி வந்தாலும் இதே பேச்சுதான். அது எக்டோபிக்கா ஏஎஃப்பா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. அந்த நேரத்து பிபி அளவும் முன்பின் இருக்கும், இரண்டு மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை வந்தால் ஆபத்து?

ஒரே ஒரு எண்ணைச் சொல்ல யாருக்கும் ஆசைதான், ஆனால் அப்படி ஒன்று கிடையாது. மொத்தத் துடிப்புகளில் எத்தனை சதவீதம் கீழறை எக்டோபிக் என்று பார்ப்பார்கள், அதற்கு பர்டன் என்று பெயர். சுமார் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது நாளைக்கு ஏறக்குறைய 10,000-க்கு மேல் போனால் இதயத் தசை காலப்போக்கில் பலவீனமாகலாம் என்பதால் எக்கோவை அவ்வப்போது திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் உஷார். அப்படியும் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. பலவீனம் வந்துவிட்டாலும் எக்டோபிக்கை அடக்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் தசை திரும்பத் தேறிவிடும், இதயம் பலவீனமாவதற்கான காரணங்களில் இப்படித் திரும்பி வருவது அபூர்வமான நல்ல செய்தி.

1985-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயம் ஆரோக்கியமாக இருந்தும் கீழறை எக்டோபிக் மிக அதிகமாக இருந்த 73 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பொது மக்களைவிட அவர்களிடம் இறப்பு கூடவில்லை. மருத்துவர் "ஒன்றுமில்லை, போங்கள்" என்று சொல்வதன் பின்னால் இந்த மாதிரி அனுபவம் இருக்கிறது, உங்களை அலட்சியப்படுத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளக்கமாகச் சொல்லியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

மேலறை எக்டோபிக் பின்னாளில் ஏஎஃப் ஆகிவிடுமா?

மிக அதிகமாக வருபவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான். நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளுக்குள்ளிருந்து கிளம்பும் எக்டோபிக்தான் ஏஎஃப்பைப் பற்றவைக்கிறது என்று பிரான்சின் போர்தோ நகரத்தைச் சேர்ந்த ஹைசாகெர் குழு 1998-இல் 45 நோயாளிகளிடம் காட்டியது. இன்று ஏஎஃப்புக்குச் செய்யும் அப்லேஷன் (குழாய் செலுத்திக் கோளாறான இடத்தைச் சுட்டு அணைக்கும் சிகிச்சை) அந்தச் சிரைகளை மின்சார ரீதியாகத் தனிமைப்படுத்துவதில் தொடங்குவது இதனால்தான். ஆனால் நாளைக்கு நூறு இருநூறு என்று வருபவர்கள் இதை நினைத்து வருந்த வேண்டாம். பிபி, உடல் எடை, மது, தூக்கத்தில் மூச்சு நிற்கும் குறட்டை, இவற்றைக் கவனியுங்கள், ஏஎஃப்புக்கு உரம் போடுவது இவைதான்.

நடக்கலாமா, ஓடலாமா, எடை தூக்கலாமா?

எக்கோவும் ஈசிஜியும் சரியாக இருந்து, மருத்துவரும் தடை சொல்லவில்லை என்றால் தாராளமாக. இதயம் வேகமெடுக்கும்போது எக்டோபிக் மறைந்துவிட்டால் அது நல்ல அறிகுறி. ஓடி முடித்து ஓய்வெடுக்கும் முதல் சில நிமிடங்களில் திரும்ப வருவதும் பலருக்கு உண்டு. மாறாக, உழைக்க உழைக்கக் கூடுகிறது, அல்லது ஓடும்போது கண் இருட்டுகிறது என்றால் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். வைரஸ் காய்ச்சல் வந்து தேறிய கையோடு புதிதாக எக்டோபிக்கும் நெஞ்சு வலியும் மூச்சு வாங்குதலும் சேர்ந்து வந்தாலும் அப்படியே, இதயத் தசை அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் வரை ஓட வேண்டாம்.

இதை நிறுத்த மாத்திரை கொடுத்துவிடலாமே?

1980களில் மருத்துவ உலகமும் இப்படித்தான் யோசித்தது. மாரடைப்பு வந்தவர்களுக்குக் கீழறை எக்டோபிக் இருந்தால் இறப்பு அதிகம் என்று தெரிந்திருந்தது, ஆகவே எக்டோபிக்கை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று நம்பினார்கள். காஸ்ட் என்ற பெரிய ஆய்வில் என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எக்டோபிக்கை அழகாக அடக்கியது, ஆனால் மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 1989-இல் அந்தப் பகுதியை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைவதும் நோயாளிக்கு நல்லது நடப்பதும் ஒன்றே என்று அதற்குப் பிறகு யாரும் எளிதில் சொல்வதில்லை.

எனவே இன்று, தொந்தரவு இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது என்றால் மருந்தே கிடையாது. தொந்தரவு தாங்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் பீட்டா பிளாக்கர் (இதயத்தின் மேல் அட்ரினலினின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை), அல்லது வெரபமில் வகை. இவை எண்ணிக்கையை ஓரளவுதான் குறைக்கும், அடியின் வேகத்தைத் தணிப்பதால் பலருக்கு அதுவே போதும். பீட்டா பிளாக்கரைத் தானாக நிறுத்தாதீர்கள். ஃப்ளெக்கெய்னைடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது, ஆனால் இதய அமைப்பு நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும், நிபுணர் கண்காணிப்பில்.

மெக்னீசியம் மாத்திரை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ரத்தத்தில் குறைவாக இருந்தால் பலன் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

அப்லேஷன் யாருக்கு?

எண்ணிக்கை மிக அதிகம், மருந்து கேட்கவில்லை, அல்லது இதயம் பலவீனமாகத் தொடங்கிவிட்டது என்பவர்களுக்கு. தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, எக்டோபிக் கிளம்பும் புள்ளியைத் தேடிப் பிடித்துச் சுட்டு அணைப்பார்கள். ஆரோக்கியமான இதயத்தில் மிகப் பொதுவான புள்ளி, வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனி கிளம்பும் வாசல் பகுதி. அங்கிருந்து வருவதற்கு வெற்றி வாய்ப்பு பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். பல புள்ளிகளிலிருந்து வந்தால் கடினம். சிகிச்சை நாளில் எக்டோபிக் வராமல் போனால் எதைச் சுடுவது என்றே தெரியாது, சில நேரம் அப்படியும் ஆகும். ரத்தக் கசிவு, இதய உறையில் ரத்தம் சேர்வது போன்ற ஆபத்துகள் குறைவு என்றாலும் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே சம்மதியுங்கள்.

எப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மயங்கி விழுந்தாலோ விழப் பார்த்தாலோ, படபடப்போடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தாலோ, வேகமான துடிப்பு சில நிமிடங்களில் அடங்காமல் தொடர்ந்தாலோ, முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினாலோ உடனே. வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அவசரம் இல்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாதவர்கள் இருக்கிறார்கள்: முன்பே மாரடைப்பு, வால்வு நோய் அல்லது இதயப் பலவீனம் உள்ளவர்கள், குடும்பத்தில் யாராவது 40 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருப்பவர்கள், உழைக்கும்போது மட்டும் அறிகுறி வருபவர்கள். குடும்ப விவரத்தை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நீச்சலில் மூழ்கி இறந்ததாகவோ, வண்டி ஓட்டும்போது தானாக விபத்தில் சிக்கியதாகவோ வீட்டில் பேசிக்கொள்ளும் சில மரணங்கள் உண்மையில் பரம்பரைத் தாளக் கோளாறாக இருந்திருக்கலாம், அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.